முளைத்தால்தான் மதிப்பெண்

பொன்மூக்கி என்ற மைனா ஒரு காட்டுப்பன்றிக் கூட்டத்தை நம்பிப் பிழைத்துவந்தது. பன்றிகள் கிழங்கு தோண்டும். கிளறிய மண்ணில் புழுக்கள் நெளியும். மைனா ஓடி ஓடிக் கொத்தும். பன்றிகள் இருக்கும்வரை அதற்குச் சாப்பாட்டுக் கவலையே இல்லை.

ஆனால் காட்டில் வள்ளிக்கிழங்கு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் அடுத்த மலைக்குக் கிளம்பவேண்டியதுதான் என்று தாய்ப்பன்றி கரிச்சி சொன்னதும், மைனா கொத்துவதையே நிறுத்திவிட்டது. அடுத்த மலை முழுக்கப் பருந்துகள். அங்கே அது எப்படிப் போகும்?

மைனா ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. பாடம் ஒன்றே ஒன்றுதான். கிழங்கைத் தின்னலாம், கொடி புறப்படும் தலைப்பகுதியை மட்டும் விட்டு, மண்ணைப் போட்டு மூடவேண்டும். மழை பெய்தால் மறுபடி முளைக்கும்.

மைனா அல்லவா? கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டால் படிப்பு முடிந்தது என்பது அதன் எண்ணம். ஆகவே பரீட்சை அன்று பன்றிக்குட்டிகளை நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னது. "தலையை விடு, மண்ணை மூடு" என்று குட்டிகள் காடே அதிரக் கத்தின. தொப்பளான் என்ற குட்டி மைனாவின் குரலிலேயே ஒப்பித்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண். அன்று முழுக்க மைனாவின் கால் தரையில் பாவவில்லை.

மழை வந்தது. சரிவெங்கும் தேடியும் ஒரு கொடிகூடத் தலைகாட்டவில்லை. மைனா பதறிப்போய்த் தொப்பளானைப் பிடித்தது.

"பாடம் நினைவிருக்கிறதா?"

"தலையை விடு, மண்ணை மூடு."

"பிறகு தலையை என்னடா செய்தாய்?"

"தின்றுவிட்டேன் டீச்சர், பசித்தது. பரீட்சையில் நீங்கள் அதைக் கேட்கவே இல்லையே?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது, குட்டியின்மேல் அல்ல, தன்மேல்தான். கரிச்சியிடம் பறந்துபோய், அடுத்த மழைவரை பொறுக்கும்படி கெஞ்சியது. ஓடைக்கரையில் மிச்சம் மீதிக் கிழங்கு இருந்ததால் கரிச்சியும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தது.

இந்த முறை ஒப்பிப்பது கிடையாது. குட்டிக்கு ஓர் இடம் என்று ஒதுக்கிவிட்டு, அவை தோண்டும்போது மைனா கூடவே உட்கார்ந்து பார்த்தது. மூடாமல் நகர்ந்த குட்டியின் காதில் ஒரு கொத்து விழுந்தது. மதிப்பெண் எப்போது என்று குட்டிகள் நச்சரித்தன. மழை வந்து போடும் என்று சொல்லிவிட்டது மைனா.

மழையும் வந்தது. மைனா ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தது. ஈர மண்ணைப் பிளந்துகொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடிகள் எட்டிப் பார்த்தன. தொப்பளானின் இடம் மட்டும் மொட்டையாகக் கிடந்தது; மைனா வேறு பக்கம் திரும்பியபோது தலையைத் தின்றுவிட்டு வெறும் மண்ணை மூடியிருந்தது அந்தக் குட்டி. அது சட்டென்று நெஞ்சை நிமிர்த்தி ஒப்பிக்கத் தொடங்கியது.

"பாட்டு நன்றாக இருக்கிறது. முளை எங்கே?" என்றது மைனா.

தொப்பளான் தலையைத் தொங்கப்போட்டது. பிறகு, அன்று தின்பதற்காகக் காலடியில் ஒளித்து வைத்திருந்த கிழங்குத் தலையை மெல்ல எடுத்து, குழி பறித்து மூடியது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கரிச்சி சரிவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "இந்த வருடம் எங்கும் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. மைனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாளைக்காக மிச்சம் வைக்கக் கற்றார்களா என்பதை அவர்கள் வாயைக் கேட்டு அறிய முடியாது. அவர்கள் விட்டுச்சென்ற மண்ணைப் பார்த்துத்தான் அறியவேண்டும்.