குட்டிக்கு ஆளுக்கொரு பிடி

“அம்மை, நாய்க்குட்டிக்கு மறுபடியும் இளக்கமாப் போயிருச்சு.”

அரியமுத்து சாம்பல் வாளியோடு வந்து நின்றார். மீசை நரைத்த ஆள். முன்பு லாரி ஓட்டியவர். இப்போது மடத்தில் சீடராக இருக்கிறார்.

அம்மை பூத் தொடுத்துக்கொண்டிருந்தார். அவர்தான் மடத்துக்குக் குரு. வயதில் அரியமுத்துவுக்குத் தங்கை மாதிரி. அதனால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“எங்க போச்சு?”

“சொல்லவே கூச்சமா இருக்கு. பூசை அறை வாசப்படியில.”

“நேத்து?”

“தாணுமூர்த்தி ஐயா செருப்புல.”

அம்மைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களே, டாக்டர் என்ன சொன்னாரு?”

“நல்லாத்தான் பாத்தாரு. பூச்சி மருந்து ஊத்தியாச்சு. காய்ச்சல் இல்லை, ரத்தம் போகலை. தண்ணி குடிக்குது, ஓடுது. நோவு ஒண்ணும் இல்லை, தீனிதான் ஒத்துக்கலைன்னாரு. ஆனா இப்படியே போனா எளைச்சிரும், சின்ன உசுரு தாங்காதுன்னும் சொன்னாரு.”

“என்ன தீனி கொடுக்கிறீங்க?”

“முதல்ல பால் கொடுத்தேன். போச்சு. பாலை நிறுத்திட்டுத் தயிர்சோறு கொடுத்தேன். போச்சு. தயிரை நிறுத்திட்டு இட்லி. போச்சு. இட்லியை நிறுத்திட்டு பிஸ்கெட்டு. அதுவும்…”

“போச்சு.”

“ஆமா அம்மை. எதுதான் இதுக்கு ஒத்துக்கும்?”

அம்மை நாரில் முடிச்சுப் போட்டார்.

“இங்க வர்றதுக்கு முந்தி என்ன தின்னுச்சு?”

அரியமுத்து சாம்பல் வாளியைக் கீழே வைத்தார்.

“கேக்கலையே அம்மை.”

அதற்குள் தாணுமூர்த்தி வந்துவிட்டார். பூசை செய்கிறவர். கையில் ஈரத்துணி.

“நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். கழுவிக் கழுவி வாசப்படியே தேஞ்சு போச்சு. தாயோட இருக்க வேண்டிய குட்டி இது. கொண்டு போய் விட்டுருங்க அரியமுத்து.”

குட்டி வந்தது ஆட்டுக்காரர்களிடமிருந்து. குளத்துக்கு அந்தப்பக்கம் வயலில் கிடை போட்டிருந்தார்கள். ஆடுகள் ராத்திரி அங்கே அடையும். புழுக்கை வயலுக்கு உரம். ஒரு ஊரில் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். குட்டியின் தாய் அவர்களுடைய காவல் நாய்.

“கிடை எப்ப கிளம்புது?” என்று அம்மை கேட்டார்.

“அமாவாசை கழிச்சுப் போறாங்களாம்.”

“அதுவரைக்கும் பாப்போம். தேறிச்சுன்னா இங்க இருக்கட்டும். தேறலைன்னா தாயோட போகட்டும்.”

அரியமுத்து குட்டியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவருக்கு வீடு என்று ஒன்று அமையவே இல்லை. படுத்தால் காலடியில் வந்து படுக்கிற உயிர், இதுதான் முதல்.

*

கிடையில் ஆட்டுக்காரி இருளாயி இருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை.

தாய் நாய் ஓடி வந்தது. குட்டியின் பின்பக்கத்தை மோந்து பார்த்தது. அப்புறம் அரியமுத்துவை ஒரு பார்வை பார்த்தது.

“என்னண்ணே இது? கொழுகொழுன்னு கொடுத்தேன். தொவச்ச துணி மாதிரி தொங்குது!”

“அதான் வந்தேன் தங்கச்சி. பூசை அறை வாசப்படியில எல்லாம் இளக்கமாப் போகுது. நீ இதுக்கு என்ன கொடுத்தே?”

“இங்க என்ன பிரியாணியா கெடக்கு? கம்பங்கூழுதான். நாங்க குடிக்கிறதுல ஒரு பங்கு.”

“வேற?”

“வேற ஏது?”

“மடத்துல எல்லாம் இருக்கு தங்கச்சி. பாலு, தயிரு, நெய்யி…”

“இருந்தா? அது வயித்துக்குத் தெரியுமா, நீங்க பணக்கார மடம்னு?”

பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. கையை விலக்கிவிட்டு அவள் சொன்னாள்.

“இவனுக்குச் சோறு பழக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சுண்ணே. பாலுக்கு நடுவுல ஒரு வாய் சோறு. அதையும் கொழையக் கொழைய மசிக்கணும். அது தங்குதான்னு பாத்துட்டுத்தான் ரெண்டாவது வாய். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்திக் கொடுத்தா, இவனும் உங்க வாசப்படியிலதான் போவான்.”

பிள்ளை அரியமுத்துவைப் பார்த்துச் சிரித்தது.

இருளாயி தூக்குவாளி நிறையக் கூழ் ஊற்றினாள். துணியில் கொஞ்சம் கம்பும் முடிந்து கொடுத்தாள்.

“உங்க சோத்தைக் கொடுக்கணும்னா கூழுக்குள்ள ஒளிச்சுக் கொடுங்க. வயித்துக்குத் தெரியக் கூடாது.”

*

குட்டி கூழைக் குடித்தது. சட்டியை நக்கி நக்கித் தரையெல்லாம் தள்ளிக்கொண்டு போனது.

மறுநாள் பார்த்தார். இளக்கம்தான்.

அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

“அம்மை, கூழுதான் கொடுக்கிறேன். அப்பவும் நிக்கலை.”

“கூழு மட்டுமா?”

“மட்டுந்தான்.”

சொல்லும்போது அரியமுத்து தரையைப் பார்த்தார்.

அம்மை அதைப் பார்த்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் சோறு விழுந்ததும் முதல் பிடியைத் தன் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. வேறு ஒரு வாய்க்கு எடுத்து வைக்க வேண்டும். காக்காயோ, எறும்போ, குளத்து மீனோ, எதுவாகவும் இருக்கலாம். யாருக்குக் கொடுத்தோம் என்று வெளியே சொல்லக் கூடாது. மற்றவரைக் கேட்கவும் கூடாது.

அன்று மத்தியானம் அம்மை பந்தியில் உட்காரவில்லை.

“இன்னிக்கு எனக்கு இலை வேண்டாம்.”

சமையல்கட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில்தான் குட்டியின் சட்டி இருக்கும். அம்மை அங்கே போனார். ஒரு இலையை விரித்து வைத்துக்கொண்டு, சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குட்டி அவர் மடியில் ஏறிக்கொண்டது.

முதலில் சமையல்கார சூடாமணி வந்தாள். கையில் ஒரு துண்டு இலை. அதில் தேங்காய்ச்சோறு.

அம்மையைப் பார்த்ததும் கை பின்னால் போனது.

“என்ன சூடாமணி?”

“ஒண்ணுமில்ல அம்மை. காக்காய்க்கு…”

“காக்கா எல்லாம் முன்பக்கம்லா கத்துது.”

அம்மை இலையைத் தள்ளினார். சூடாமணி சோற்றை அதில் வைத்துவிட்டு ஒரே ஓட்டமாய் உள்ளே போனாள்.

அடுத்து ஒருவர் பருப்புச்சோற்றோடு வந்தார். ஒருவர் அப்பளத்தோடு வந்தார். ஒருவர் பாயசத்தைக் கையில் ஏந்தி, விரல் இடுக்கில் வழிய வழிய வந்தார்.

எல்லாருக்கும் மாட்டிக்கொண்ட முகம். தான் ஒருத்தர்தான் கொடுக்கிறோம் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாணுமூர்த்தி வந்தார். தொன்னையில் நெய்ப்பொங்கல். ஆவி பறந்தது.

“ஐயா, நீங்களுமா?”

“இல்ல அம்மை… அது என்னைப் பாத்துச்சு.”

“எப்ப?”

“தினமும்.”

அவரும் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாய் அரியமுத்து வந்தார். துண்டுக்குள் பாலில் நனைத்த பிஸ்கெட்.

“கூழு மட்டுந்தான்னு சொன்னீங்களே அண்ணே?”

“கூழுதான் அம்மை. இது சும்மா… நாக்குக்கு.”

அம்மை இலையை அவர் முன்னால் நகர்த்தினார். ஒரு குன்று மாதிரி இருந்தது. பாயசம் பருப்புச்சோற்றில் இறங்கியிருந்தது. பொங்கலின் நெய் அப்பளத்தில் ஊறியிருந்தது.

“உக்காருங்க. சாப்பிடுங்க.”

“இப்பத்தானே அம்மை சாப்பிட்டேன்.”

“பரவாயில்லை. எல்லாரும் ஆசையாப் போட்டது. ஒருத்தர் போட்டதையும் விட்டுறக் கூடாது.”

குரு சொன்னால் மறுக்க முடியுமா? அரியமுத்து சாப்பிட்டார். லாரி ஓட்டிய உடம்பு, கொஞ்ச தூரம் தாங்கியது. பாதியில் கை நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“முடியலை அம்மை.”

“குட்டி அதைத்தான் வாசப்படியில சொல்லுச்சு.”

அன்று சாயங்காலம் அரியமுத்து தண்ணீர்ச் செம்போடு கொல்லைக்குப் போனார். வந்தார். மறுபடியும் போனார்.

*

மறுநாளிலிருந்து முதல் பிடி காக்காய்க்கும் எறும்புக்கும் போனது.

ஆனால் அது குட்டிக்குத் தெரியாதே. பந்தி நேரத்துக்குச் சரியாய் வந்துவிடும். ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் உட்காரும். தலையைச் சாய்த்துப் பார்க்கும்.

தாணுமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். தண்ணீர் என்று நினைத்து மோரை எடுத்துக் கையைக் கழுவினார்.

சூடாமணி மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்றாள். அன்று சமையலில் வெங்காயமே இல்லை.

அரியமுத்துவால் முடியவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மையிடம் வந்தார்.

“அம்மை, கேக்குது.”

“கூழு குடிச்சுதா?”

“வயிறு முட்டக் குடிச்சுது. ஆனாலும் கேக்குது. அது மூஞ்சியைப் பாத்தா என்னத்தையாவது கொடுக்கணும் போல இருக்கு.”

“கொடுங்க.”

“கொடுக்கக் கூடாதுன்னுதானே…”

“நான் அப்படிச் சொல்லலையே. கொடுங்க.”

அரியமுத்து துண்டை உதறினார். மடியைத் தடவினார். ஒன்றும் இல்லை.

“என்கிட்ட ஒண்ணும் இல்லையே அம்மை.”

அம்மை அவர் கையைப் பார்த்தார்.

அரியமுத்து கீழே உட்கார்ந்தார். வேறு வழி தெரியாமல் வெறும் கையை நீட்டினார்.

குட்டி மோந்தது. ஒவ்வொரு விரலாய் நக்கியது. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் போகவில்லை. உள்ளங்கையில் தாடையை வைத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே தூங்கிவிட்டது.

கை மரத்துப்போனது. விளக்கு ஏற்றும் நேரம் வந்தது. மணி அடித்தது. எல்லாரும் பூசைக்குப் போனார்கள்.

அரியமுத்து கையை எடுக்கவே இல்லை.

*

குட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாய் இறுகி வந்தது. ஒரு நாள் நன்றாக இருக்கும். அரியமுத்து சந்தோஷத்தில் கூழுக்குள் ஒரு உருண்டைச் சோறு கூடுதலாய் ஒளிப்பார். மறுநாள் களி மாதிரி போகும். உடனே பாதியாய்க் குறைப்பார். அப்புறம் ஒரு பருக்கை, ரெண்டு பருக்கை என்று மறுபடி ஏற்றுவார்.

அமாவாசையும் வந்து போனது. அன்றைக்கும் இளக்கம்தான்.

மறுநாள் காலையில் ரோட்டில் ஆடுகள் போகிற சத்தம் கேட்டது. புழுதி கிளம்பியது. இருளாயி மடத்து வாசலில் வந்து நின்றாள். பிள்ளை இடுப்பில் இருந்தது. தாய் நாய் பின்னால் நின்றது.

“குடுங்கண்ணே. தேறலைன்னாத் தாயோட அனுப்புறேன்னீங்களே. ஆடு முன்னால போகுது.”

அரியமுத்து குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மடமே வந்தது. தாணுமூர்த்தி பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

இருளாயி கையை நீட்டினாள்.

அரியமுத்துவின் கை நீளவில்லை.

“ஒரு நிமிசம் தங்கச்சி. வழியில உன் சேலையில போயிரும். இறக்கி விட்டுட்டுத் தாரேன்.”

நந்தியாவட்டைச் செடி ஓரம் இறக்கிவிட்டார். குட்டி மண்ணை மோந்தது. இப்படி ஒரு சுற்று சுற்றியது. அப்படி ஒரு சுற்று சுற்றியது. முதுகை வளைத்து உட்கார்ந்தது.

எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

முடித்துவிட்டு, பின்னங்காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, குட்டி பெருமையாய் நடந்து வந்தது.

அரியமுத்து குனிந்தார். சூடாமணி குனிந்தாள். தாணுமூர்த்தி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

இருளாயி பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அட, கையில எடுக்கலாம் போல இருக்கேண்ணே!”

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள்.

தாய் நாய் வந்து குட்டியைத் தலையிலிருந்து வால்வரை ஒரு தரம் நக்கியது. பிறகு திரும்பி, ஆடுகள் போன பக்கம் ஓடியது. இருளாயியும் நடந்தாள். கொஞ்ச தூரம் போய், பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாள்.

“அம்மை! அம்மை! வந்து பாருங்க!” என்று அரியமுத்து கத்தினார்.

அம்மை வந்தார். எல்லாரும் விலகி வழி விட்டார்கள். சூடாமணி கை கூப்பியே விட்டாள்.

அம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பிள்ளைக்கு வயிறு சரியானதும் பெற்றவள் துணியை விரித்துப் பார்ப்பாளே, அந்த மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லா இருக்கு.”

எழுந்தார். முந்தானையைத் தட்டிவிட்டார்.

“அண்ணே, மண்வெட்டி எடுத்துட்டு வாங்க.”