காட்டைக் கூட்டிய மன்னன்

கேளுங்கள், நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள். முன்னொரு காலத்தில், மழை ஓயாத மலைக்காட்டின் அடிவாரத்தில் மாறவேள் என்றொரு மன்னன் இருந்தான். ஆண்டுக்கொருமுறை காட்டுச் சுனைக்கு வெறுங்காலில் நடந்துபோய் ஒரு குடம் நீர் கொண்டுவருவது அவன் குலத்து வழக்கம். ஊர் குடித்ததும் அந்தச் சுனை நீரைத்தான்.

ஒரு வருடம் ஈரச் சருகில் கால் வழுக்கி விழுந்தான். யாரோ சிரித்துவிட்டார்கள். விழுந்த வலி மறந்தது, சிரிப்பு மறக்கவில்லை. "காட்டில் ஒரு சருகு கிடக்கக் கூடாது!" என்று ஆணையிட்டான். காட்டைக் கூட்டுவதாம்! வாழ்நாளில் துடைப்பம் தொடாதவனுக்குத்தான் இப்படி யோசனை வரும்.

முதல் நாள் கூலியாட்கள் பாதையைக் கூட்டினார்கள். இரண்டாம் நாள் மரத்தடிகளைக் கூட்டினார்கள். மூன்றாம் நாள் சுனைக்கரைக்கு வந்தார்கள். அங்கே நீலி என்பவளின் துடைப்பம் சட்டென்று நின்றது.

சிலம்பன் என்று பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் குருவி. உயரக் கிளைப் பழத்துக்கு அது ஆசைப்படாது. தரையில் தத்தும், ஒரு சருகைப் புரட்டும், பூச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த சருகுக்குப் போகும். கூடும் தரையில்தான், சருகை உருட்டிவைத்த பந்து போல. அப்படியொரு கூடுதான் நீலியின் துடைப்பத்துக்கு முன்னால் கிடந்தது.

மன்னனே வந்துவிட்டான். "ஏன் நிறுத்தினாய்?"

"உள்ளே மூணு குஞ்சு இருக்கு சாமி. இன்னும் கண்ணு திறக்கலை."

"குப்பையில் குடியிருந்தால் அது யார் குற்றம்?"

"உங்களுக்குத்தான் குப்பை. அதுக்கு அதுதான் அடுக்களை, அதுதான் தொட்டில். ஒரு சருகைப் புரட்டிப் பாருங்க. அடியிலே இருக்கிற ஈரம்தான் நம்ம சுனைக்கு ஊறுது."

மன்னன் குனிந்து புரட்டினான். ஈரம் விரலில் ஒட்டியது. கூட்டுக்குள் மூன்று வாய்கள் திறந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது, அவன் ஒன்றும் மடையன் இல்லை. ஆனால் சுற்றிலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்ததே! ஒரு கூலிக்காரி சொல்லுக்குப் பணிந்தால் மறுபடி சிரிப்பார்களோ? துடைப்பத்தைப் பிடுங்கினான். கூட்டைச் சருகோடு சருகாகத் தன் கையாலேயே தள்ளினான்.

யாரும் சிரிக்கவில்லை.

தாய்க்குருவி மூன்று நாள் வெறுந்தரையில் தத்தித் தத்தித் தேடியது. புரட்ட ஒன்றுமில்லை. நான்காம் நாள் அதையும் காணோம். அடுத்து வந்த மழை, போர்வை இழந்த மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. கோடையில் சுனை வற்றியது. ஊர் மூட்டை கட்டியது.

கடைசியாகக் கிளம்பியவள் நீலி. மன்னன் ஓடிவந்து வழிமறித்தான். "போகாதே. அள்ளிய சருகையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து கொட்டச் சொல்கிறேன்."

"கொட்டுங்க சாமி. அந்தக் குஞ்சுங்களை எங்கேயிருந்து கொண்டுவருவீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனாள்.

தவறென்று தெரிந்த பிறகும், பார்ப்பவர்கள் சிரிப்பார்களே என்று நிறுத்தாத கை, கடைசியில் தன் வீட்டையே கூட்டித் தள்ளிவிடும்.