டெல்பர்ட் மறந்த இறகு

அமெரிக்காவில் அரிசோனாப் பாலைவனத்தில், நவஹோ என்ற பழங்குடி மக்களுக்கு நடுவே, டெல்பர்ட் என்று ஒரு மணல் ஓவியன் இருந்தான். வண்ண மணலை விரலிடுக்கில் ஒழுகவிட்டு அவன் இழுக்கும் கோட்டைப் பார்த்து, எறும்புகள் வெட்கப்பட்டுத் தங்கள் வரிசையை நேராக்கிக்கொள்ளும். எறும்புகளைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஓவியம் நோய் தீர்ப்பதற்கானது; ஒவ்வொரு நோய்க்கும் ஒரு படம் உண்டு. வீட்டுத் தரையில் தெய்வங்களை மணலால் வரைவார்கள். நோயாளி அதன்மேல் உட்கார வேண்டும். பொழுது சாய்வதற்குள் கலைத்துவிட வேண்டும். ஒரு கோடு தப்பினாலும் நோயாளிக்குக் கேடு என்று நம்பினார்கள்.

பிழைப்புக்காக டெல்பர்ட் அதே படங்களைப் பலகையில் ஒட்டிச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்றான். தெய்வத்தை விற்கலாமா? அதற்காகவே ஒவ்வொரு பலகையிலும் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பான்; பிழையிருந்தால் அது தெய்வமில்லை, வெறும் படம். ஒன்றில் இறகு குறையும், இன்னொன்றில் நிறம் மாறும். முப்பது வருஷம் இப்படி. தம்பி ஆமஸ் மட்டும் ஒரே ஒரு படத்தைப் பிழையில்லாமல் செய்து ஒரு நகரத்துக்காரருக்கு விற்றான். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஆமஸும் மணலை விட்டு லாரி ஓட்டப் போய்விட்டான்.

பிறகு டெல்பர்ட்டின் மனைவி டெஸ்பா படுத்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவள் நோய்க்குரிய படம் ஆமஸ் விற்ற அதே படம். அதைக் கற்றவர்களில் உயிரோடிருந்தது அண்ணன் தம்பி இருவர்தான்.

டெல்பர்ட் காலையில் உட்கார்ந்தான். தெய்வத்தின் தலை வரைக்கும் மணல் ஒழுங்காக விழுந்தது. இறகுக்கு வந்ததும் கை நின்றது. மூன்றா, ஐந்தா? முப்பது வருஷத்துப் பிழைகள் அத்தனையும் நினைவிருந்தன. சரியானது மட்டும் இல்லை.

செய்தி கேட்டு ஆமஸ் வந்தான். கையில், தான் விற்ற படத்தின் போட்டோ.

"எனக்கும் மறந்துபோச்சு, இதைப் பாத்துப் போடுண்ணே. என்னை அப்புறமாத் திட்டிக்கோ."

"நீ வித்த அன்னிக்கே இது செத்துப்போச்சுடா. செத்ததுமேல எம் பொண்டாட்டிய உக்கார வைக்கவா?"

கம்பளிக்குள்ளிருந்து டெஸ்பா சொன்னாள்: "ரெண்டு பேரும் சண்டைய மெதுவா முடிச்சிட்டு வாங்க. இன்னிக்கு வரைக்கும் நான் எங்கயும் போகலை." பிறகு கணவனிடம், "அந்தப் போட்டோ வேண்டாம். உன் கைக்கு வர்றதைப் போடு. நான் உக்கார்றேன்."

"தப்பாப் போட்டா உன்னைக் கொன்னுடும்."

"போடாட்டி மட்டும் நூறு வயசா?"

டெல்பர்ட் போட்டோவையும் பார்க்கவில்லை, கைக்கு வந்ததையும் போடவில்லை. பொழுது சாயும்வரை மணலைக் கையில் பிடித்தபடியே இருந்தான். பிறகு, இறகில்லாத அந்தத் தெய்வத்தைக் கலைத்தான். நாலாம் நாள் டெஸ்பா போய்விட்டாள்.

போட்டோவை நீட்டினான் தம்பி. வருவதைப் போடு என்றாள் மனைவி. தெரியாததைப் போடமாட்டேன் என்று இருந்துவிட்டான் கணவன். இவர்களில் யார் செய்தது சரி? அவசரப்படாமல் சொல்லுங்கள்.

விடை: டெஸ்பா. ஆமஸின் போட்டோவில் இறகு சரியாகவே இருக்கலாம். உட்காரப் போகிறவளுக்கே அதில் நம்பிக்கையில்லாதபோது அது எப்படி மருந்தாகும்? டெல்பர்ட் பயந்த கேடும் அவள் உடம்புக்கு வருவதுதான். ஏற்பதா வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும், சொல்லியும்விட்டாள். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆமஸ், "அவ சொன்னபடி போட்டிருக்கலாம்ணே" என்றான். "தெரியும்டா." "இப்பத் தெரிஞ்சு?" "அப்பவே தெரியும்," என்றான் டெல்பர்ட். "கை வரலை."