ஆளில்லாத இலை

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எஸ்தர் அக்கா. என் மூத்த மகள் பிறந்த ஐப்பசியில், ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார். அந்த வார்டு முழுவதுக்கும் அன்றைக்கு ஒரே ஒரு நர்ஸ். அந்த அம்மா எங்களிடம் வந்து சேரும் வரைக்கும் என் பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று அக்கா இதைச் சொன்னார். இப்போது உங்களுக்குச் சொல்கிறேன், பிள்ளைகளே.

ஒரு காட்டில், நட்ட நடுவே ஒரு பாறைக் குன்று இருந்தது. அதன் உச்சியில் ஒற்றை உசில மரம். அங்கே நின்றால் காட்டின் நாலு மூலையும் தெரியும்.

கோடை வந்தால் மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடிக்கிற காடு அது. அதனால் குன்றின் மேல் எந்நேரமும் காவல் உண்டு. பகலில் பாறைமேல் ஆள்காட்டிக் குருவி. இரவில் மரக்கிளையில் தேவாங்கு. பொழுது சாயும்போது தேவாங்கு மெல்ல மெல்ல ஏறி வருவார்.

"கண்ணை மூடு, தங்கச்சி. இனி என் பாடு," என்பார்.

ஆள்காட்டி அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் இறங்கிப் போய், குன்றின் அடியில் கூழாங்கற்களுக்கு நடுவே தன் புருஷனோடு படுத்துத் தூங்கிவிடுவாள்.

மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் இலுப்பை மரத்தடியில் காட்டுச் சபை கூடும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேக்கிலை விரிப்பார்கள். ஆற்றுத்துறையைத் தூர்வாரும் காட்டுப்பன்றிக்கு ஒன்று. வழியில் சாய்ந்த மரங்களை நகர்த்தும் காட்டெருமைக்கு ஒன்று. காவலுக்கு இரண்டு. எல்லா விலங்குகளும் கிழங்கும் பழமும் தானியமும் கொண்டுவந்து அந்த இலைகளில் கொட்டும். காவல் காப்பவர் இரை தேடி அலையலாமா?

இலை நிறைந்திருக்கிறதா என்று எல்லாரும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார்கள். நிறைந்திருந்தால், அந்த வேலை நடக்கிறது என்று நிம்மதியாக வீடு திரும்புவார்கள். அதுதான் அங்கே பழக்கம்.

ஓர் அடைமழையில் கிழத் தேவாங்கு காய்ச்சல் கண்டு இறந்துபோனார்.

சபை கூடியது. தலைவர் யானையார் யார் மனமும் நோகாமல் பேசுகிறவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருடைய இலையை எடுக்க வேண்டாம். வேறு ஆள் வரும் வரை அவர் பங்கு அப்படியே இருக்கட்டும்," என்றார்.

இலை விரித்தார்கள். எல்லாரும் கொட்டினார்கள். இலை நிறைந்தது.

"அதுவரை இரவுக் காவலையும் ஆள்காட்டி கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளட்டும்," என்றார் களஞ்சியக்காரர் முள்ளம்பன்றி. சிக்கனத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. "கொஞ்ச நாள்தானே, அம்மா?"

"கொஞ்ச நாள் என்றால் பார்த்துக்கொள்கிறேன் ஐயா," என்றாள் ஆள்காட்டி.

அன்று பொழுது சாய்ந்தபோது அவள் இறங்கவில்லை. மரக்கிளையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பாறையிலேயே நின்றாள்.

நிறைந்த இலையை உண்ண ஆள் வரவில்லை. அழுகிப் போகுமே என்று முள்ளம்பன்றி அதைக் களஞ்சியத்தில் சேர்த்தார். சேர்த்ததைப் பார்த்ததும் மயிலுக்கு ஒரு யோசனை வந்தது.

"தலைவரே, காட்டுக்கு ஓர் ஆட்டக்களம் இல்லையே! அந்தப் பங்கை வேலையாட்களுக்குக் கொடுத்தால் களம் கட்டிவிடலாம். தேவாங்கின் பேரையே வைத்துவிடுவோம்."

எல்லாருக்கும் பிடித்துப்போனது. களம் எழுந்தது. மயில் ஆடியது. மறு ஆண்டும் இலை விரித்தார்கள், மறு ஆண்டும் நிறைந்தது, மறு ஆண்டும் அந்தப் பங்கு களத்துக்கே போனது. இந்த முறை இலை விரிப்பதற்கு முன்பாகவே பேசி முடித்துவிட்டார்கள்.

ஆள்காட்டி சபைக்கு வந்து கேட்டாள்: "ஐயா, இரவுக்கு ஆள்?"

"தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். பார், இலை நிறைந்திருக்கிறதே!" என்றார் முள்ளம்பன்றி.

குரங்கு கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தது. "அக்கா, உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் சிவப்புதான். தூக்கம் கெட்டா சிவந்தது?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆள்காட்டி மறுபடி குன்றேறினாள்.

மாசி மாதம், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஓர் இளம் தேவாங்கு வந்தாள். பெயர் குறிஞ்சா. வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி ஒரு குட்டி. புருஷன் இல்லை. பிழைக்க வழி தேடி வந்தவள்.

முள்ளம்பன்றி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நடை ரொம்ப மெதுவாக இருக்கிறதே?"

"காவலுக்குக் கண்தானே வேண்டும் ஐயா?"

"கோடைக் காவல் பார்த்துப் பழக்கம் உண்டா?"

"வேலை கொடுத்தால்தானே பழக முடியும்?"

"கையில் குட்டி வேறு. சரி, தலைவர் வரட்டும். மேயப் போயிருக்கிறார்."

தலைவர் வந்தார். அடுத்த சபையில் பேசலாம் என்றார். குறிஞ்சா இலுப்பை மரத்தடியில் காத்திருந்தாள். குட்டி பசியில் சிணுங்கியது. பக்கத்திலேயே இரவுக் காவலின் இலை, களத்துக்கென்று ஒதுக்கிய குவியலாக. அதைத் தொட அவளுக்கு உரிமை இல்லை. ஒரு நாள் விடிந்தபோது அவள் அங்கே இல்லை. ஆற்றைத் தாண்டித் திரும்பப் போய்விட்டாள்.

விஷயம் தெரிந்து ஆள்காட்டி ஓடி வந்தாள். "ஏன் ஐயா அனுப்பினீர்கள்? ஆள் வந்துவிட்டாள் என்று எவ்வளவு நம்பியிருந்தேன்!"

முள்ளம்பன்றி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, நான் கெட்டவன் இல்லை. அந்தப் பங்கை நம்பித்தான் களத்துக்குக் கூரை போடச் சொல்லியிருக்கிறது. அவளை வைத்தால் அதற்கு எங்கே போவேன்? எல்லாரையும் இன்னும் கொஞ்சம் கொண்டுவா என்று கேட்டால், யானையாரைத்தான் திட்டுவார்கள். ஆள் இல்லாத வரை காட்டுக்கு மிச்சம்."

"என் கண் தானாக மூடுகிறது ஐயா. இந்தக் கோடையில் கீழே கூழாங்கல்லில் நாலு முட்டை வைத்திருக்கிறேன். அவர்தான் அடை காக்கிறார். நான் தூங்கிப்போனால் என்ன ஆகும்?"

"நீயா? நீ தூங்கமாட்டாய். அதுதான் எங்களுக்குத் தெரியுமே."

அதைப் பாராட்டாகத்தான் அவர் சொன்னார்.

பங்குனி பிறந்தது. புல் காய்ந்து சருகானது. இரவெல்லாம் ஆள்காட்டி ஒற்றைக் காலில் நிற்பாள், சாய்ந்தால் விழிப்பு வரட்டும் என்று. விடிந்ததும் தண்ணீரில் முகத்தை நனைத்துக்கொண்டு வந்து பகல் காவலைத் தொடங்குவாள். ஆண்டவனே, இன்றைக்கு மட்டும் என்று வேண்டிக்கொள்வாள். மறுநாளும் அதையே வேண்டிக்கொள்வாள்.

ஓர் உச்சி வேளை. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. காட்டில் எல்லாரும் நிழலில் படுத்திருந்தார்கள். இரண்டு இலையும் நிறைந்திருந்ததை எல்லாரும் பார்த்தவர்கள்தானே. பாறை கொதித்தது. ஆள்காட்டி கண்ணை ஒருமுறை இமைத்தாள். திறக்கவில்லை.

மூக்கில் புகை ஏறியபோதுதான் விழித்தாள். மேற்கே மூங்கில் காடு முழுவதும் தீயாக நின்றது. காற்றும் கிளம்பிவிட்டது.

அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முட்டைகள் இருக்கும் பக்கம் தீ இறங்குவதைப் பார்த்தாள். ஆனாலும் முதலில் காட்டின் மேல்தான் பறந்தாள், மான்கள் எழும் வரை, முயல்கள் வளையை விட்டு வரும் வரை, யானையார் குட்டிகளை ஆற்றுக்கு ஓட்டும் வரை. அதற்குப் பிறகுதான் கூழாங்கற்களைப் பார்த்துத் திரும்பினாள்.

அவள் புருஷன் இறகு கருகி, ஒரு கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தான். அவன் காலடியில் கற்கள் எல்லாம் ஒரே கருப்பு. எது கல், எது முட்டை என்று தெரியவில்லை.

"எழுந்திருக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்," என்றான். "முடியவில்லை."

ஆட்டக்களம் எரிந்துபோனது. களஞ்சியமும் எரிந்துபோனது. ஆற்று மணலில் எல்லாரும் கூடினார்கள். முயலுக்கு ஒரு குட்டி குறைந்தது. குரங்கு கையிரண்டையும் ஊதிக்கொண்டே கத்தியது: "தூங்கிவிட்டாள்! காவல்காரி தூங்கிவிட்டாள்!"

"இரண்டு பேர் பங்கை நாங்கள் கொட்டினோமே!" என்றது மயில்.

ஆள்காட்டி மணலில் இறங்கினாள். அவள் குரல் உடைந்திருந்தது.

"தூங்கினேன். அது என் குற்றம்தான். மறைக்க மாட்டேன். நான் ஓர் இடத்தில் நின்று தூங்கினேன். இன்னோர் இடத்தில் யாரை நிறுத்தியிருந்தீர்கள்?"

அவள் முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பினாள்.

"இலையைத்தானே நிறுத்தியிருந்தீர்கள்? தீயைப் பார்த்ததும் உங்கள் இலை கத்தியதா, ஐயா?"

முள்ளம்பன்றியின் முட்கள் எப்போதும் சிலிர்த்து நிற்கும். அன்று அவை படிந்து கிடந்தன. அவர் யானையாரின் முகத்தைப் பார்த்தார். யானையார் மயிலைப் பார்த்தார். பிறகு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

யார் மனமும் நோகாமல் பேசுகிற யானையார் அன்று பேச்சுக்கு நிற்கவில்லை. அவர் எழுந்து, சூடு ஆறாத குன்றின் மேல் தாமே ஏறினார். எரிந்த உசில மரத்தின் பக்கத்தில் நாலு திசையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

முள்ளம்பன்றி ஆற்றைக் கடந்து போனார். குறிஞ்சா ஒரு புதரில் குட்டியோடு ஒண்டியிருந்தாள்.

"கண் இருந்தால் போதும், அம்மா," என்றார். "வா."

அவள் எழுந்தாள். குட்டியைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவரும் அவளுக்கு ஈடாக மெதுவாகவே நடந்தார்.

அடுத்த மழை ஓய்ந்து சபை கூடியபோது பழக்கம் மாறியிருந்தது. ஆள் எதிரில் வந்து நின்ற பிறகுதான் இலையில் பங்கு விழும். ஆள் இல்லாத வேலைக்கு இலையைக் கவிழ்த்து வைத்தார்கள். வருகிற போகிற எல்லார் கண்ணையும் அது உறுத்தியது. உறுத்தட்டும் என்றே வைத்தார்கள்.

குன்றின் மேல் மரம் இல்லை. ஒரு மூங்கில் கழியை நட்டுக் கொடுத்திருந்தார்கள். பொழுது சாயும்போது குறிஞ்சா அதில் மெல்ல மெல்ல ஏறினாள்.

"கண்ணை மூடுங்கள், அக்கா. இனி என் பாடு."

ஆள்காட்டி இறங்கிப் போனாள். கருகிய கூழாங்கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கத்தில் தலையைச் சிறகுக்குள் வைத்துத் தூங்கினாள்.

பிள்ளைகளே, இன்று படுக்கும் முன் எனக்காக ஒன்று செய்யுங்கள். நமக்காக எங்கேயோ ஒற்றையாய் விழித்திருக்கிறவருக்குத் துணையாக இன்னோர் ஆள் வந்து சேர வேண்டும் என்று கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நீதி: வேலைக்கென்று பங்கை ஒதுக்கி வைத்தால் போதாது, அந்த வேலையில் ஆளை நிறுத்தினால்தான் அது காவல்.