நிறுத்தாமல் போன முயல்

மலைக்காட்டு விலங்குகள் மோட்டார் சைக்கிளில் கூட்டமாக ஏரிக்குக் கிளம்பின. வண்டி இல்லாதவர்களுக்குக் கரடி தன் கொட்டகையிலிருந்து இரவல் கொடுத்தது. வெடுக்கன் என்ற முயல் அங்கே இருந்ததிலேயே பெரிய வண்டியின் மேல் தாவி ஏறிக்கொண்டது.

"உன் கால் தரைக்கு எட்டலையே தம்பி! நானே மூச்சுப் பிடிச்சுத்தான் அதை நிமிர்த்துவேன். சின்னதா ஒண்ணு எடுத்துக்கோ!" என்றது கரடி.

"ஓடுற வண்டிக்குக் கால் எதுக்கு அண்ணே? கொஞ்சம் தள்ளி விடுங்க!"

கரடி தாங்கிப் பிடித்துத் தள்ளிவிட்டது. வண்டி ஓடத் தொடங்கியதும் கனமே தெரியவில்லை. வழியில் மேய்ந்த மான்கள் வாய்பிளந்து பார்த்தன. வெடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் தோழி செம்பி என்ற கீரி, சின்ன வண்டியில் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் ஈரப்பாசியில் வழுக்கி விழுந்துவிட்டது. வண்டி அதன் காலை அமுக்கிக்கொண்டது.

"வெடுக்கா, நிறுத்து! கால் மாட்டிக்கிச்சு!"

வெடுக்கனின் கை பிரேக் வரை போய்விட்டது. ஆனால் அழுத்தவில்லை. நிறுத்தினால் கால் ஊன்ற முடியாதே! வண்டி சாயும். பின்னால் வரும் குரங்குகள் விழுந்து விழுந்து சிரிக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு வெடுக்கன் கடந்து போய்விட்டது.

முயலின் காதல்லவா! செம்பியின் கூக்குரல் அடுத்த வளைவு வரை கேட்டது. அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது.

வெடுக்கன் சட்டென்று பிரேக்கை அழுத்தியது. வண்டி சாய்ந்து புதருக்குள் உருண்டது. முயல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செம்பி விழுந்த இடத்துக்கு ஓடிவந்தது. அதற்குள் குரங்குகள் செம்பியை மீட்டு, காலில் இலை வைத்துக் கட்டிவிட்டிருந்தன.

"வந்துட்டியா! பாவம், அந்த வண்டிச் சத்தத்துல நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்காது" என்றது செம்பி.

"ஆமாம்" என்ற சொல் வெடுக்கனின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டது.

"கேட்டுச்சு. உன்னைப் பார்க்கவும் பார்த்தேன். நிறுத்தினா விழுந்துடுவேன், எல்லாரும் சிரிப்பாங்கன்னு போயிட்டேன்."

ஒரு குரங்கும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வெடுக்கனுக்கு. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

"உன் வண்டியை நான் ஓட்டுறேன் செம்பி. நீ பின்னால உட்காரு. வீட்டுல விட்டுடுறேன்."

செம்பி ஒரு குரங்கின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. "வேண்டாம். நான் குரங்கு அண்ணனோட வர்றேன். நீ வண்டியை மட்டும் கொண்டுவந்து விட்டுடு."

எல்லோரும் முன்னால் போக, வெடுக்கன் அந்தச் சின்ன வண்டியைத் தலை நிமிராமல் கடைசியில் ஓட்டிச் சென்றது.

நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்த முடியாத வண்டி, எவ்வளவு பெரியதானாலும் ஏறியவரைச் சிறியவராக்கிவிடும்.