தோலைக் கிழிக்காத சவரக்கத்தி

நல்லசிவ அடிகளின் மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துறவு ஏற்கப் போகிறவர் தனக்கென்று ஒரு சவரக்கத்தி வாங்கி வர வேண்டும். வைகாசிப் பௌர்ணமியன்று அந்தக் கத்தியால் முதலில் குருவின் தலையை மழிக்க வேண்டும். பிறகு அதே கத்தியால் குரு அவர் தலையை மழித்துக் காவி கொடுப்பார். அந்த நாள் தவறினால் அடுத்த வைகாசிதான்.

அந்த வருடம் சிற்சபேசனின் முறை. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இருபத்தெட்டு வருடம் சர்வேயராக நிலம் அளந்தவர். எதையும் இரண்டு தடவை அளக்காமல் எழுதமாட்டார். பிறர் தலையில் கத்தி வைத்ததே இல்லை.

கடைவீதியில் மஸ்தான் பாய் கத்தியும் கத்தரிக்கோலும் விற்றார். சிற்சபேசன் மூன்று முறை அங்கே போய் வெறுங்கையோடு திரும்பினார். முதல் கத்தியின் மேல் ஒரு முடியைப் போட்டதும் அது இரண்டாக விழுந்தது. குருவின் தலையை நினைத்துக்கொண்டு கத்தியைக் கீழே வைத்துவிட்டார். இன்னொன்று கனம். மற்றொன்றின் பிடி வழுக்கியது.

நான்காம் முறை அவர் தெருமுனையில் தலைகாட்டியதும் மஸ்தான் பாய் பக்கத்துக் கடைக்காரரிடம், “மாப்பிள்ளை வந்துட்டாரு. இன்னைக்காவது பொண்ணு பிடிக்குதான்னு பாப்போம்” என்றார்.

சிற்சபேசன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பாய், தோலைக் கிழிக்காத கத்தி ஏதாவது இருக்கா?”

 மஸ்தான் பாய் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

“இது பட்டறையிலிருந்து வந்தபடியே இருக்கு. வாங்குறவங்கதான் தீட்டிக்கணும். இப்போதைக்குக் கைக்குழந்தைகிட்டக்கூடக் கொடுக்கலாம்.”

பாய் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். சிற்சபேசன் வாங்கிக்கொண்டார். ஒரு மாதமாக வராத தூக்கம் அன்று வந்தது.

பௌர்ணமி காலையில் அடிகள் கிணற்றடியில் தலையை நனைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். சிற்சபேசன் கத்தியை வைத்து இழுத்தார். அடிகளின் கண்ணில் நீர் வந்தது. இன்னொரு தடவை இழுத்தார். அடிகளின் காதுகள் சிவந்தன.

“சுவாமி, எங்காவது வெட்டிவிட்டதா?”

“இல்லை. நாற்றுப் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது.”

அடிகள் கத்தியை வாங்கிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வாங்கிய கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார். உள்ளே போய்த் தீட்டுக்கல்லும் தோல்வாரும் எடுத்துவந்து, எப்படித் தீட்டுவது என்று ஒரே ஒரு முறை காட்டிக்கொடுத்தார். சிற்சபேசன் வெயில் ஏறும்வரை தீட்டினார். முன்கையில் வைத்துப் பார்த்தார். தொட்டதுமே ரோமம் உதிர்ந்தது. போயிருந்த பயமும் திரும்பி வந்தது.

“கை நடுங்குகிறது, சுவாமி.”

“என் தலையும்தான். வாருங்கள், சேர்ந்தே நடுங்குவோம்.”

ஆரம்பித்த பிறகு அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை. கத்தி போன வழியில் முடி சத்தமில்லாமல் இறங்கியது. வலது பக்கம் முழுவதும் மழித்தாகிவிட்டது. சிற்சபேசன் தன்னையறியாமல் ஏதோ முணுமுணுத்துப் பாடவும் தொடங்கினார். அப்போது காதுக்கு மேலே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இறங்கிக் காது மடலில் நின்றது.

பாட்டு நின்றது. அவர் கத்தியைக் கழுவி மடக்கி மணையருகே வைத்தார். தரையில் விழுந்து வணங்கினார். இது நடக்கும் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். தனக்குத் தகுதியில்லை, இந்த வருடம் காவி வேண்டாம், தன் தலையிலேயே பழகிக்கொண்டு அடுத்த வைகாசிக்கு வருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

அடிகள் தடுக்கவில்லை. ஒரு கையால் மழித்த பக்கத்தையும் மறு கையால் மழிக்காத பக்கத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சிற்சபேசன்.”

அவர் திரும்பினார்.

“தாராளமாகப் போய் வாருங்கள். அடுத்த வைகாசி வரை இந்தப் பாதித் தலையோடு நான் எப்படி இருப்பது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.”