மொச்சைக்கு ஓடு இறுக்குது

"அப்பா, முதுகு இறுக்குது!"ன்னா மொச்சை.

"ரெண்டு புழு சேத்துத் தின்னுருப்ப. வேற ஒண்ணுமில்ல!"ன்னான் அவ அப்பன் கோணையன்.

ரெண்டு பேரும் நண்டுங்க. ஏரிக்கரையில வளை தோண்டிக் குடியிருக்குற நண்டுங்க. ஆனா இப்ப ஏரியில இல்ல. கோடையில ஏரி வத்துச்சு, பள்ளிக்கூடம் லீவு விட்டாங்க, உடனே கோணையன் பொண்டாட்டி செவத்தாளையும் மகளையும் கெளப்பிக்கிட்டு ஊர் சுத்த வந்துட்டான். எருமை முதுகுல சவாரி. தென்னந்தோப்புல காலி இளநிக்குள்ள தூக்கம். கடைசியா இந்த பம்புசெட் தொட்டி. குழாய்த் தண்ணி கொட்டுற எடத்துல போய் நின்னா போதும், சர்ருனு இழுத்துக்கிட்டுப் போய் வாய்க்கால்ல தள்ளும். பொறந்ததுலேர்ந்து பக்கவாட்டுலயே நடக்குற ஜென்மத்துக்கு நேரா போறதுன்னா சும்மாவா!

செவத்தா மட்டும் மகளையே பாத்துக்கிட்டு இருந்தா.

"ஏங்க, புள்ளைக்கு ஓடு கழட்டுற நேரம் வந்துருச்சு. வீட்டுக்குப் போலாம்."

விஷயம் என்னன்னா, நண்டுக்கு உடம்பு வளரும், ஓடு வளராது. பழசைக் கழட்டித்தான் ஆகணும். உள்ள இருக்குற புது ஓடு மொதல்ல பஞ்சு மாதிரி மெத்துனு இருக்கும். அது கெட்டியாகுற வரைக்கும் வளை வாசலை மண்ணால அடைச்சுட்டு, உள்ள சும்மா படுத்துக் கெடக்கணும். அதனால லீவோட கடைசியில ஏரிக்கரையில ஒரு வீட்டு வாசலும் தொறந்திருக்காது. பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்குப் பிள்ளைங்க எல்லாம் புது ஓட்டுல பளபளன்னு வந்து நிக்கும். அதான் அதுங்களுக்கு யூனிஃபார்ம்.

"சும்மா படுக்குறதா?" கோணையனுக்கு அந்த வார்த்தையே ஆகாது. "இருட்டுல கெடக்குற நேரத்துக்கு இங்க எத்தனை தடவை சறுக்கலாம்! இன்னும் ஒரே ஒரு ரவுண்டு செவத்தா!"

"இதையேதான் எருமை மேல உக்காந்தும் சொன்னீங்க. அதுக்குள்ள பள்ளிக்கூடம் தொறந்துட்டா?"

"தொறந்தா தவளை கத்தும்ல? அப்ப கெளம்புவோம்!"

அவன் சொன்னது சரிதான். மொத மழை பெஞ்சு ஏரித் தவளை கத்துனா அதான் பள்ளிக்கூட மணி. ஆனா பம்புசெட்டுல எப்பவுமே தண்ணி. அங்க இருக்குற தவளைங்களுக்குக் காலமும் கெடையாது, நேரமும் கெடையாது. சாயங்காலம் கத்துச்சுங்க, குடும்பம் மூட்டை கட்டிக்கிட்டு வரப்பு வரைக்கும் ஓடுச்சு. வானத்துல ஒரு மேகத்தைக் காணோம். திரும்பி வந்துச்சு. விடியக்காலையில மறுபடி கத்துச்சுங்க. மறுபடி ஓட்டம்.

கோணையன் தலை சுத்திப் போய் ஒரு தவளைகிட்டயே கேட்டான். "ஏம்ப்பா, நீ மழைக்குக் கத்துறியா, சும்மா கத்துறியா?"

"எனக்கென்னய்யா தெரியும்! பக்கத்துல இருக்குறவன் கத்துறான், நானும் கத்துறேன்!"

"அவன் எதுக்குக் கத்துறான்?"

"நான் கத்துறேனேன்னு!"

அதுக்கு அப்புறம் கோணையன் காதுல வாங்குறதையே விட்டுட்டான். ஒரு நாள் நெஜமாவே மழை பெஞ்சுது. குழாய்லேர்ந்தும் தண்ணி, வானத்துலேர்ந்தும் தண்ணி. அவன் சந்தோஷமா இன்னொரு ரவுண்டு சறுக்குனான். வாய்க்கால்ல போய் விழுந்தப்ப எதுக்க ஒரு நத்தை வந்துக்கிட்டு இருந்துச்சு.

"என்ன கோணையா, இன்னுமா இங்க கெடக்குற? பள்ளிக்கூடம் தொறந்தாச்சு! என் பேரனை உட்டுட்டு நானே திரும்பி வந்துட்டேன்!"

நத்தை போய்ட்டுத் திரும்பியே வந்துருச்சு! அடிச்சுப் புடிச்சு மூணு பேரும் ஏரிக்கரைக்கு ஓடுனாங்க. பாத்தா, மழையில இவங்க வீட்டு வளை இடிஞ்சு கெடக்கு.

"நான் மண்ணை அள்ளிச் சரி பண்றேன்"னா செவத்தா. "புள்ளை மொதல்ல உள்ள படுத்து ஓடு கழட்டட்டும். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் போவா."

"மொத நாள் போகலைன்னா எடம் போயிரும்டி! ரெண்டாங்கிளாஸ்ல இவ எடத்துல எவனாவது உக்காந்துட்டா?"

"எடம் போனா போவுது. ஓடு?"

"இவ்ளோ நாள் தாங்குன ஓடு, இன்னிக்கு ஒரு பொழுது தாங்காதா!"

சொல்லிட்டு மகளை இழுத்துக்கிட்டு நடந்தான். மொச்சை வழி பூரா, "அப்பா, இப்ப லீவா, பள்ளிக்கூடமா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. அவனுக்கே அது தெளிவா இல்ல.

அந்தப் பள்ளிக்கூடத்துல பெஞ்சு கெடையாது. கரையில வரிசையா வளை. ஒண்ணாங்கிளாஸ் வளை சின்னது, ரெண்டாங்கிளாஸ் வளை பெருசு. வளை உடம்புக்குக் கச்சிதமா இருக்கணும். தொளதொளன்னு இருந்தா கொக்கு மூக்கு உள்ள நொழஞ்சுரும். டீச்சர் ஒரு விரால் மீனு. தண்ணியிலேர்ந்து தலையை நீட்டித்தான் பாடம்.

மத்த பிள்ளைங்க எல்லாம் புது ஓட்டுல, வளையை அடைச்ச மாதிரி உக்காந்திருந்துச்சுங்க. அதுங்க பக்கத்துல மொச்சை நின்னா மொச்சைக் கொட்டை மாதிரியேதான் இருந்தா.

"நீ இன்னும் பழைய ஓட்டுலயாடி?"ன்னு ஒருத்தன் சிரிச்சான். "ஒண்ணாங்கிளாஸ் அந்தப் பக்கம்!"

மொச்சை கண்ணு கலங்கிருச்சு. கோணையனுக்குப் பொறுக்கல. டீச்சர் பாக்குறதுக்குள்ள மகளைப் பொதருக்குப் பின்னால தூக்கிட்டுப் போனான். கரைச் சகதியை அள்ளி அவ முதுகுல அப்புனான். இன்னும் கொஞ்சம் அப்புனான். கொடுக்கால தட்டி வழவழன்னு பூசுனான். மொச்சை ஒரே பூச்சுல ரெண்டாங்கிளாஸ் சைஸுக்கு வந்துட்டா!

"அப்பா, மூச்சு முட்டுது!"

"யூனிஃபார்ம்னா அப்படித்தான் இருக்கும்!"

டீச்சர் உத்துப் பாத்தா. "என்ன கோணையா, ஓடு சகதிக் கலர்ல இருக்கு?"

"புது மாடல் டீச்சர்!"

மொச்சை ரெண்டாங்கிளாஸ் வளையில போய் உக்காந்தா. கோணையன் அப்படியே தள்ளிப் போய்ப் பொதர்கிட்ட நின்னான். உள்ளுக்குள்ள என்னமோ சரியில்ல. எது சரியில்லன்னு மட்டும் புடிபடல.

வெயில் ஏறுச்சு. சகதி காஞ்சுது. திடீர்னு வளைக்குள்ளேர்ந்து சத்தம்.

"அப்பா! முதுகுல படக்குனு எதோ வெடிச்சுருச்சு!"

"சகதி காஞ்சு வெடிக்குதும்மா!"

"சகதி இல்லப்பா! நான்!"

கோணையன் ஓடிப் போய் எட்டிப் பாத்தான். சகதி பொலபொலன்னு உதுந்து கெடக்கு. பழைய ஓடு பின்பக்கம் பொளந்திருக்கு. பொளந்த எடத்துல மொச்சையோட வெள்ளை உடம்பு, ஆப்பத்து நடுப்பக்கம் மாதிரி, தொட்டா பிஞ்சுரும் போல. வீட்டுல இருட்டுல நடக்க வேண்டியது, பட்டப்பகல்ல பள்ளிக்கூடத்துல நடக்குது! உள்ள தள்ளுறதா? வெளிய இழுக்குறதா? வீட்டுக்குத் தூக்குறதா? அவன் வலது பக்கம் நாலடி ஓடுனான், இடது பக்கம் நாலடி ஓடுனான்.

"கொக்கு! எல்லாரும் உள்ள!"ன்னு கத்திட்டு டீச்சர் தண்ணிக்குள்ள பாய்ஞ்சா.

பிள்ளைங்க சரக்குனு வளைக்குள்ள எறங்கிருச்சுங்க. ஒவ்வொரு வளையும் மூடி போட்ட மாதிரி ஆயிருச்சு. ஒரே ஒரு வளை மட்டும் தொளதொளன்னு வாயைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு.

கொக்கு நேரா அங்க வந்து நின்னுது. ரொம்ப மரியாதைக்காரக் கொக்கு.

"வணக்கம் கோணையரே! லீவெல்லாம் நல்லாப் போச்சா?"

"போச்சு, போச்சு. நீங்க போங்க!"

"பாப்பா புது யூனிஃபார்ம் போடுது போல. சாஃப்ட்டா இருக்கும்ல? சும்மா ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டுப் போயிர்றேன்!"

கோணையனுக்கு அப்பத்தான் குழப்பம் தீந்துது. அவன் மகளை இழுக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல. பின்பக்கமா நகந்து வளை வாசல்ல தன் உடம்பையே அடைப்பா வச்சு உக்காந்துட்டான்.

"மொச்சை, அசையாத. அவசரமே இல்ல. மெதுவாக் கழட்டு."

"நீ எங்கப்பா போற?"

"எங்கயும் போகல!"

கொக்கு கொத்துச்சு. ஓட்டுல டக்குனு பட்டுது. மறுபடி கொத்துச்சு. அவன் நகரல. கொக்கு அவன் பெரிய கொடுக்கைக் கவ்வி இழு இழுன்னு இழுத்துச்சு. கொடுக்கை விட்டுக் குடுக்கலைன்னா அவன் மொத்தமா வெளிய வந்துருவான், வாசல் தொறந்துரும்.

"இந்தா, வச்சுக்க!"ன்னு கோணையன் கொடுக்கையே கழட்டி விட்டுட்டான்.

இழுத்த வேகத்துல கொக்கு மல்லாக்க விழுந்துச்சு. எந்திரிச்சு, கெடச்ச வரைக்கும் லாபம்னு கொடுக்கைத் தூக்கிக்கிட்டுப் பறந்துருச்சு.

செவத்தா மூச்சு வாங்க ஓடி வந்தா. ஒத்தைக் கொடுக்கோட உக்காந்திருந்த புருஷனைப் பாத்தா, அவன் பின்னால எட்டிப் பாத்தா. எல்லாம் புரிஞ்சுருச்சு.

"வீட்டு வளை ரெடி. ஆனா இப்ப இவளை நகத்த முடியாது."

"தெரியும்."

"எந்திரிங்க, வாசலை மண்ணு போட்டு அடைப்போம்."

"அதுக்குள்ள கொக்கு வந்துட்டா? என்னையும் சேத்து அடைச்சுரு!"

செவத்தா அவனைச் சுத்தி மண்ணு பூசுனா. ஒரு எடத்துல உக்காரவே தெரியாத கோணையன், ஓடு கெட்டியாகுற வரைக்கும் பகலும் ராத்திரியும் அங்கயே உக்காந்திருந்தான். தவளை கத்துச்சு. மழையான்னு கேக்கல. கால் மரத்துச்சு. நகரல. டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்தா, வேற வழியில்லாம அதையும் கத்துக்கிட்டான்.

ஒரு நாள் காலையில முதுகுல யாரோ டொக்குடொக்குனு தட்டுனாங்க. கெட்டியான தட்டு.

"அப்பா, வழி விடு!"

மொச்சை வெளிய வந்தா. புது ஓடு வெயில்ல மின்னுச்சு. திரும்பி அதே வளையில எறங்குனா. துளி சந்து இல்ல, அப்படியே பொருந்துச்சு.

"உன் கொடுக்கு எப்பப்பா வரும்?"

"அடுத்த தடவை நான் ஓடு கழட்டும்போது கொஞ்சமா மொளைக்கும்."

"அதுக்கு சும்மா படுத்துக் கெடக்கணுமே!"

"படுக்குறேன்டி"ன்னான் கோணையன். "உங்கம்மா கெளப்புனாலும் எந்திரிக்க மாட்டேன்!"

ஆட்டம் முடிஞ்சு பாடம் ஆரம்பிக்குறதுக்கு நடுவுல சும்மா கெடக்குற நாள் வீண் இல்ல, பிள்ளைங்க வளர்றதே அந்த நாள்லதான்.